கொஞ்சம் தள்ளி

...வராமலே இருந்திருக்கலாம், பம்பாயில் படப்பிடிப்பு என்று ஒரு தந்தி அடித்திருந்தால் போதும், யார் கேட்கப் போகிறார்கள்... ஆனால் கட்டியது அவள்தானே, கட்டட வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம், பகலெல்லாம் சோறும் பாலும் தூங்கப் பாயும், வாசலில் அவள் பெயர், உலகம்மாள் இல்லை, பத்திரிகைகளுக்குத் தெரிந்த ஊர்மிளா, இன்றைக்கு அங்கே பத்திரிகைக்குப் படம் எடுக்கிறார்கள். கார் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முக்கில் நின்றுவிட்டது, தேங்காய் உடைக்கிற கூட்டம், அந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பினாள். துணிக்கடை இப்போது பாத்திரக்கடை ஆகியிருந்தது, ஆனாலும் கண்ணாடி இருந்த இடம் எது என்று அவளுக்குத் தெரியாதா... ஒன்பது வயசு அப்போது. சங்கரன்கோவில் பக்கமிருந்து இந்த மலையாளத்து ஊருக்குப் பிழைக்க வந்த குடும்பம், அப்பா வந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டார், அம்மா வடிவம்மாள் கோட்டைக்குப் பக்கத்தில் எழும்பிய ஒரு மாடிக் கட்டடத்தில் சித்தாள். "ஏளா, தங்கச்சியப் பாத்துக்கோ, அங்கிட்டு இங்கிட்டு போயிராத" என்று சொல்லிவிட்டுத்தான் சட்டியோடு ஏணியில் ஏறினாள். நாலு வயசு மாடம்மாள் மணலில் விளையாடிக்கொண்டிருந்தாள், கொஞ்ச நேரம்தானே, பார்த்துவிட்டு ஓடி வந்துவிடலாம்... கண்ணாடிக்குள் நீலப் பட்டு உடுத்திய பொம்மை, ஒரு தோளைச் சாய்த்து, நாடியைத் தூக்கி, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒருத்தியைப் போல நின்றது. கிழிந்த பாவாடையோடு அவளும் அப்படியே நின்று பார்த்தாள், எவ்வளவு நேரமோ. அங்கே குழந்தை சுண்ணாம்பு நீற்றுகிற குழியில் கல்லைத் தூக்கிப் போட்டிருக்கிறாள், கொதிக்கிற சுண்ணாம்பு தெறித்து இடது கண்ணில்... அவள் திரும்பி வந்தபோது அம்மா கொத்தனாரிடம், "நாந்தான் மூத்தவள தண்ணிக்கு அனுப்புனேன்" என்று அழுதுகொண்டிருந்தாள். ஏன் அப்படிச் சொன்னாள்? சாகிறவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே, நாலு அடி அடித்திருந்தால் அன்றோடு தீர்ந்திருக்குமோ...

கூட்டம் விலகி கார் நகர்ந்தது. பதினேழு வயசில் ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிற வேலை, காலண்டருக்குப் படம் எடுக்க வந்தவர் அவள் நின்றதைப் பார்த்து, "ஈ குட்டி மதி, வேற யாரும் வேண்டாம்" என்றார், இந்தப் பெண்ணே போதுமாம், அப்புறம் சென்னை, பம்பாய், மேடைகள், இந்த ஊரில் தம்பானூர் முழுக்க விளம்பரப் பலகையில் அவள் முகம். இப்படி நிற்க யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்பார்கள், தானாக வந்தது என்பாள்... தானாகவா வந்தது, ஒரு கண்ணைக் கொடுத்து வாங்கியது, அதுவும் அவளுடைய கண் இல்லை. எத்தனையோ பிள்ளைகளுக்குக் கண் ஆபரேஷன் செய்துவைத்தாயிற்று, இரக்கமுள்ளவள் என்று எழுதுகிறார்கள், படிக்கும்போதெல்லாம் வேறு யாருக்கோ வந்த புகழைத் திருடித் தின்கிற மாதிரி இருக்கிறது.

வாசலில் மாடம்மாள் நின்றாள். காப்பகத்துக்குப் பொறுப்பு அவள்தான், இடுப்பில் ஒரு பிள்ளை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு இன்னும் சில. "சாப்டியாக்கா? மொகம் வாடிக் கெடக்கே" என்றாள், அந்த வெளுத்த கண்ணும் நல்ல கண்ணும் சேர்ந்தே சிரித்தன. அன்றைக்கு நடந்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுவிடலாமா, இருக்கிறது என்று சொல்லிவிட்டால்... பத்திரிகைக்காரர் சத்தியதாஸ் காமிராவைத் தூக்கினார். இன்றைக்குத் தங்கச்சிதான் நடுவில் நிற்க வேண்டும், சொல்லிவிட வேண்டும் என்று அவள் வாயைத் திறப்பதற்குள் மாடம்மாள் இடுப்புப் பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். "சேச்சியும் வரணும்" என்றார் சத்தியதாஸ், தூண் பக்கம் பார்த்து. "சாரமில்ல சாரே, பரவால்ல, அக்காவ எடுங்க." யாரும் அவளை நகரச் சொல்லவில்லையே, அவளாகவே, எவ்வளவு பழக்கமாக... அப்போதுதான் ஞாபகம் வந்தது, கல்லாறு, அந்த முதல் காலண்டர் படம், ஆற்றோரப் பாறையில் அவள், துணைக்கு வந்த தங்கச்சி பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றாள், படத்தில் விழுந்துவிடுவாளோ என்று, "கொஞ்சம் தள்ளி நில்லுளா" என்றது... வேறு யாருமில்லை, அவளேதான். "மாடம்மா, இங்க வா" என்று இப்போது கூப்பிட்டாள். "எடுத்து முடியட்டும்க்கா" என்றது தூணுக்கு அந்தப் பக்கமிருந்து குரல். கையிலிருந்த பிள்ளை மாடம்மாளைத் தேடிச் சிணுங்கியது. கல்லாற்றில் படம் எடுத்து முடிந்த பிறகு, இனி வா என்று தான் அவளைக் கூப்பிட்டோமா, இல்லையா... எவ்வளவு யோசித்தும் அது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.