அசனச் சோறு

ஜெயதாசுக்கு இரைப்பையில் புற்றுநோய். கல்லீரலுக்கும் பரவிவிட்டது. நான்கு கீமோ முடிந்து, ஐந்தாவது வரும் வியாழக்கிழமை. இந்த நான்கு மாதமாக அவர் மனைவி ராஜபாய்க்கு ஒரே வேலைதான்: அவர் தொண்டைக்குள் ஏதாவது இறங்குகிறதா என்று பார்ப்பது. ஊரான காரோட்டிலிருந்து பாறசாலைக்கு ஆட்டோ, அங்கிருந்து ரயில், திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் எடை மெஷின். அதைக் கண்டாலே அவளுக்குப் பயம்.

மெஷினுக்குப் பக்கத்து மேஜையில் டயட்டீஷியன் ஷாலு இருப்பாள். தனுவச்சபுரத்துப் பெண், சின்ன வயசு, ஆனால் பேச்சு கறார்.

"ரெண்டு மணிக்கூருக்கு ஒருக்கா கொஞ்சம் கொஞ்சமா குடுங்க ஆன்டி. முட்டை, மீன், பருப்பு எல்லாம் ஆகலாம். சூடா செய்து உடனே குடுக்கணும். மிச்சம் வச்சதும் வெளியில இருந்து வந்ததும் தொடப்பிடாது. அங்கிளுக்க உடம்பில இப்ப கிருமிய எதிர்க்க சக்தி இல்ல."

ராஜபாய் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் தின்ன வேண்டியவர் தின்ன வேண்டாமா? முட்டையைக் கண்டால் ஓங்கரிப்பார். மீனைக் கண்டால் முகத்தைத் திருப்புவார். எதை வாயில் வைத்தாலும் ஆணியைக் கடித்தது போல இருக்கிறது என்பார். அவள் கெஞ்சுவாள், ஏசுவாள், கடைசியில் அடுக்களையில் போய் அழுவாள். எடை மட்டும் இறங்கிக்கொண்டே போனது.

அப்படி இருக்கும்போதுதான் ஞாயிற்றுக்கிழமை சபையில் அசனம் வந்தது. அறுப்பின் பண்டிகை முடிந்து சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் விருந்து. இருபத்திரண்டு வருஷம் ஆட்டுக்கறி வேகும் பெரிய வார்ப்புக்குப் பக்கத்தில் நின்றவர் ஜெயதாஸ். இந்த வருஷம் கட்டிலில் கிடந்தார். அவருடைய கூட்டாளி சத்தியராஜ் ஒரு தூக்குவாளியோடு மத்தியானம் வந்து நின்றான்.

"மைனி, அண்ணன் இல்லாம அசனமா? ஜெபம் பண்ணின சோறாக்கும். ஒரு வாயாவது குடுங்க."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "எலே சத்தியா, அதை இங்க கொண்டு வா."

தின்றார் ஐயா! எழுந்து உட்கார்ந்து, கையால் பிசைந்து, ஒரு கிண்ணம் சோறு தின்றார். உப்பு குறைவு என்று குற்றமும் சொன்னார். ராஜபாய்க்குச் சந்தோஷத்தில் நிலைகொள்ளவில்லை. மிச்சத்தை மூடி வைத்தாள். அசனச் சோற்றில் ஒரு பருக்கையைக்கூட அந்தப் பக்கத்தில் யாரும் கொட்டமாட்டார்கள். நோயாளிக்கு நல்லது என்று கேட்டு வாங்கிப் போகிறவர்களும் உண்டு. திங்கட்கிழமை காலையில் அவரே கேட்டார். சூடாக்கிக் கொடுத்தாள். மத்தியானமும் கொடுத்தாள். ஷாலு சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. ஜெபித்த சோறு கெடுதல் செய்யாது என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள், பாவி.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது வயிற்றுப்போக்கு, உடம்பு தீயாய்ச் சுட்டது. மத்தியானம் வார்டில் படுக்க வைத்தாயிற்று. புதன்கிழமை காலையில் ஷாலு நோட்டோடு வந்தாள்.

"ஞாயிறு முதல் அங்கிள் என்னெல்லாம் சாப்பிட்டாரு ஆன்டி?"

"கஞ்சியும் இட்லியும் ஆக்கும். வேற ஒண்ணும் இல்ல மோளே."

எப்படி வந்தது அந்தப் பொய்? நாலு பேருக்கு முன்னால், 'ஆன்டியப் போல பாக்கணும்' என்று அந்தப் பெண் அவளைக் காட்டிச் சொல்லியிருக்கிறாள். அந்த வாயால் ஏச்சு வாங்க ராஜபாய்க்கு மானம் விடவில்லை. ஜெயதாஸ் கண்ணைத் திறந்து அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"அப்ப மருந்துதான் ஒத்துக்கல்ல," என்றாள் ஷாலு. "டாக்டருக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. அப்படின்னா இனி கீமோ வேண்டாம், நிறுத்திரலாம்னு பறஞ்சாரு."

அவள் போய்விட்டாள். ராஜபாய் எழுந்து நின்றாள். நிறுத்துவதா? தன் பொய்யாலா? செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி, லிஃப்ட் வாசலில் ஷாலுவின் கையைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டினாள்.

"படிச்சுப் படிச்சு சொன்னேனே ஆன்டி!" ஷாலுவுக்குக் கோபத்தில் முகம் சிவந்துவிட்டது. பிறகு ராஜபாய் அழுவதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நல்ல காலம், இப்பவாவது சொன்னீங்க. நான் டாக்டர்ட்ட பேசுதேன்."

போன உயிர் திரும்பியதுபோல ராஜபாய் கட்டிலுக்கு வந்தாள். "சொல்லிட்டேன். இனி நிறுத்தமாட்டாங்க," என்றாள்.

ஜெயதாஸ் அவள் பக்கம் தலையைத் திருப்பினார். "நீ எதுக்குட்டி போய் உள்ளதச் சொன்ன?" என்று கேட்டார்.

"என்ன?"

"நீ பொய் சொன்னதக் கேட்டுட்டுத்தான் கெடந்தேன். நிறுத்திரலாம்னு அந்தப் பிள்ள சொன்னப்ப, அப்பாடான்னு இருந்துது."

"என்ன பேச்சு பேசுதிய? நாலு மாசம் நான் நாயா அலைஞ்சது இதுக்கா? எனக்கு நீங்க வேணும்!"

"எனக்கு வய்யா ராசபாயி, முடியல்ல. ஊசியும் வய்யா, உனக்காக முழுங்கவும் வய்யா. ரெண்டு நாள் மனுசனா இருந்து சோறு தின்னேன். காய்ச்சல் வந்தா வரட்டு."

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவரைப் பிடித்து உலுக்க வேண்டும், காலில் விழவும் வேண்டும் என்றிருந்தது. இரண்டும் செய்யாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் டாக்டர் வந்தார், பின்னால் ஷாலு. "சாப்பாட்டில வந்த கிருமியாத்தான் தெரியுது. காய்ச்சல் விட்டு, ரத்தம் நல்லா இருந்தா அஞ்சாவது போடலாம். என்னம்மா, சரிதானே?"

முன்பு நான்கு தடவையும் அவர் இப்படித்தான் அவளைப் பார்த்துக் கேட்டார். நான்கு தடவையும் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றவள் அவள். இப்போது அந்த ஒரு சொல்லை அவள் சொல்லவில்லை. அதைச் சொல்லாவிட்டால் அவர் போய்விடுவார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

"அவருகிட்ட கேளுங்க டாக்டர்," என்றாள். "இதுவரைக்கும் யாரும் கேட்கல்ல. நானும் கேட்கல்ல."

டாக்டர் கட்டில் பக்கம் குனிந்தார். ஜெயதாஸ் வாயைத் திறந்தார். ராஜபாய்க்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பொத்தாமல் நின்றாள்.