பொட்டு வைத்த மெஷின்

மெஷினுக்குச் சந்தனம் தடவி, குங்குமப் பொட்டு வைத்து, சாமந்தி மாலையும் போட்டுக் கொண்டுவந்து இறக்கினான் புருஷோத்தமன். மறுவீட்டுக்குப் பெண்ணைக் கூட்டி வந்தவன்கூட அத்தனை பவ்யமாக நின்றிருக்க மாட்டான்.

"பத்திரமா கொண்டாந்துட்டேன்க்கா" என்றான்.

தனக்கொடிக்கு அந்த மாலையைப் பார்த்ததுமே சந்தேகம் தட்டியது. பெயிண்ட் அடிக்கிற ஸ்பிரே மெஷின் அது. அதை நம்பித்தான் அவள் தனியாகக் கான்ட்ராக்ட் எடுக்கவே துணிந்தாள். தம்பி ஒரு வேலைக்காக இரவல் கேட்டான். கூடப்பிறந்தவனிடம் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது, கொடுத்தாள். இன்று விஜயதசமி. மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கம்பெனிகள் எல்லாம் பூசை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்து, லீவு விட்டிருந்தார்கள். இப்போது அவர்கள் நிற்கும் கம்பெனியின் குடோனை மேனேஜர் செம்மல் காலி செய்து கொடுத்திருப்பதும் இன்று ஒருநாள்தான். பொழுது சாய்வதற்குள் சுவர் முழுக்க வெள்ளையாகிவிட்டால் மற்ற கட்டடங்களும் அவளுக்கு. இல்லாவிட்டால் வேறு ஆள்.

"கழுவினியாடா?"

"நல்லா சோப்பு போட்டுத் தேச்சேன்க்கா. பளபளன்னு இருக்கு பாரு."

"வெளிய இல்லடா. உள்ள."

அவன் மாலையைச் சரிசெய்ய ஆரம்பித்தான். அதுவே பதில்.

சுவிட்சைப் போட்டாள். மோட்டார் உறுமியது, பக்கெட்டில் இருந்த தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. நிறுத்தினாள். உறிஞ்சு குழாயைக் கழற்றி, அடியில் ஒரு பென்சிலை விட்டு மேலே நெம்பினாள். தண்ணீரை உள்ளே விடுகிற இரும்புக் குண்டு காய்ந்த பெயிண்டில் ஒட்டிக் கிடந்தது. இரண்டு தடவை நெம்பியதும் டக்கென்று விட்டது. மறுபடி போட்டபோது பம்ப் உறிஞ்சியது. திரும்பி வரும் குழாயில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் கொட்டின. அப்பாடா என்று வால்வைத் திருப்பி, அழுத்தத்தைப் பெயிண்டைப் பீய்ச்சும் துப்பாக்கிக்கு ஏற்றினாள். எதுவும் வரவில்லை.

"முனையில அடைச்சிருக்குது போல" என்று புருஷோத்தமன் துப்பாக்கியை எடுத்து, அதன் மூக்கில் விரலை வைத்தான்.

"எடுடா கைய!"

அவள் அறைந்த அறையில் துப்பாக்கி தரையில் போய் விழுந்தது. அழுத்தம் ஏறி நிற்கும்போது அந்த மூக்கு பிய்த்துக்கொண்டால் பெயிண்ட் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின புள்ளிதான் தெரியும், விரலையே எடுக்கும்படி ஆகிவிடும். இதை அவனுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! பூசை செய்யத் தெரிகிறது, இது ஏறவில்லை.

மோட்டாரை நிறுத்தி, வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டுத் துப்பாக்கியைப் பிரித்தாள். பிடிக்குள் இருக்கும் வடிகட்டியில் பெயிண்ட் கெட்டித் தயிராக உறைந்திருந்தது. அதற்கு மாற்று அவளிடம் இருந்தது. கடைசியாக, பம்பிலிருந்து துப்பாக்கிக்குப் போகும் ஹோஸை வளைத்துப் பார்த்தாள். உள்ளே காய்ந்த பெயிண்ட் நொறுநொறுவென்று உடையும் சத்தம் கேட்டது. அந்த ஹோஸ் இனி குப்பைக்குத்தான். புதிது சென்னையிலிருந்து வர வேண்டும்.

"என்னடா பண்ண?"

"முந்தாநாள் சாயங்காலம் வேலை முடிஞ்சிது. கழுவலாம்னுதான் இருந்தேன். நல்ல நேரம் போவுது, வைங்கன்னு என் மாமியார் சொன்னாங்க. அப்படியே பூசையில வச்சிட்டேன். வச்சத மறுநாள் தொடக் கூடாதுன்னுட்டாங்க."

"பெயிண்டோடவா வச்ச?"

"சாமி காரியம்க்கா…"

தனக்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயிற்றில் பெயிண்டைக் காயவிட்டு நெற்றியில் பொட்டு வைப்பது எந்த ஊர் பக்தி? ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி, வெளியே தெளிவாக வரும்வரை ஓடவிட்டால் முடிந்தது வேலை. அதற்கு வணங்காத உடம்பு கும்பிடு போட மட்டும் வளைந்திருக்கிறது. கேட்டால் சாமி காரியமாம்! தன் சோம்பேறித்தனத்தைத் தூக்கிச் சாமி தலையில் வைத்துவிட்டான்.

மாலையைப் பிய்த்து எறிந்தாள். கூட வேலை செய்யும் கலைவாணியைக் கூப்பிட்டு, ரோலர்களையும் நீளக் கம்புகளையும் எடுத்துவரச் சொன்னாள். கையால் அடித்தாலும் முடிக்கலாம், மூன்று பேரும் மூச்சுவிடாமல் அடித்தால். ஒரு ரோலரைத் தம்பி கையில் திணித்தாள்.

"அக்கா, அரியாங்குப்பத்துல மாமியார் வீட்டு விருந்து. பூர்ணிமா புள்ளைங்களோட காலையிலயே போயிட்டா. நான் போவலன்னா நல்லாருக்காது."

"போன் போட்டு வரலன்னு சொல்லு. ஸ்பீக்கர்ல போடு."

போட்டான். மாமியார் பார்வதி எடுத்ததும் குரல் தானாகக் குழைந்தது.

"அத்தை, இன்னிக்கு வர முடியல. மெஷின் கெட்டுப்போச்சு…"

"கெட்டுப்போவல. கழுவலன்னு சொல்லு" என்றாள் தனக்கொடி.

"கழுவல அத்தை. நான் கழுவாம வச்சிட்டேன்."

"நீங்க ஏன் மாப்ள கழுவணும்?" என்றது போன். "அதுக்குத்தான் உங்க அக்கா இருக்காங்களே. அவங்ககிட்ட குடுத்துட்டு வாங்க, இலை போட்டாச்சு."

புருஷோத்தமன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். தனக்கொடி போனை வாங்கினாள்.

"இருக்கேன் அத்தை. அதனாலதான் உங்க மாப்ள இன்னிக்கு வரமாட்டான். அந்த இலையை எடுத்துடுங்க."