ஹவுஸ் ஓனர்

ஈரப் பஞ்சை உதட்டில் ஒற்றியபோது அப்பா அதைப் பற்களால் கவ்விக்கொண்டார். அவள் இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

"விடுங்கப்பா. ப்ளீஸ்."

பஞ்சில் இருந்ததை உறிஞ்சி முடித்த பிறகே விட்டார்.

"ஒரு வாய் குடுத்துடேன்டி," என்றாள் அம்மா, கால்மாட்டிலிருந்து.

"காலைல டயாலிசிஸ் இருக்கும்மா. இப்ப தண்ணி குடுத்தா நுரையீரல்ல சேந்துடும். மூச்சு முட்டும்."

"இப்ப மட்டும் முட்டலையா?"

அவள் டம்ளரை மூடி வைத்தாள். டாக்டர், "நாளைக்குப் பாக்கலாம்," என்றுதான் சொல்லியிருந்தார். அதைக் கேட்டு அம்மா மருத்துவமனை வராந்தாவிலேயே அழுதுவிட்டாள். இவள் 'நாளைக்கு' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

கட்டிலை ஒட்டிச் சின்ன மீன்தொட்டி. அப்பா குழாய் வேலை செய்தவர். வேலையில் மிஞ்சிய குழாய்த் துண்டு ஒன்றை மணலில் பாதி புதைத்துக் குகையாக்கியிருந்தார். உள்ளே ஓர் ஆப்பிரிக்க ஏரி மீன். மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடுகள். நாள் முழுக்கக் குகையிலேயே கிடக்கும். யாராவது தொட்டிக்குள் கை விட்டால் சண்டைக்கு வரும். ஹவுஸ் ஓனர் என்று அப்பாதான் பெயர் வைத்தார்.

"தண்ணி இறங்கியிருக்கு," என்றார். ஃபில்டரிலிருந்து நீர் விழும் சத்தத்திலேயே அவருக்குத் தெரியும். "எனக்குத்தான் சொட்டு. ஹவுஸ் ஓனருக்காவது நல்லா ஊத்து, டாக்டரம்மா."

அவள் படித்தது விலங்கியல். வீட்டில் அந்தப் பட்டம் இப்படித்தான் பயன்பட்டது.

வாளியில் பிடித்து வைத்திருந்த தண்ணீரைச் செம்பால் மொண்டு தொட்டியில் ஊற்றினாள். அப்பாவின் தொண்டை ஏறி இறங்கியது.

"மெதுவா ஊத்து. இன்னும் கொஞ்சம்."

விளிம்பு வரை ஊற்றினாள்.

"நாளைக்கு டயாலிசிஸ் முடிஞ்சதும் உங்களுக்கு ஒரு முழு டம்ளர் தர்றேம்பா."

"ஐஸ் போட்டு?"

"ஐஸ் போட்டு."

"பேச்சு மாறக் கூடாது."

ஐஸ் தட்டில் நீர் நிரப்பி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வந்தாள்.

அன்று மாலை விளக்குப் போடும் முன்பே அப்பா போய்விட்டார். மூச்சு முட்டித்தான்.

மறுநாள் காலை அவரைத் தூக்கிப் போக வழி போதவில்லை. சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் தொட்டியை ஸ்டாண்டோடு நகர்த்தினார்கள். நீர் தளும்பித் தரையில் கொட்டியது. குழாய்த் துண்டு புரண்டு கண்ணாடியில் சாய்ந்தது.

"யாராவது தரையத் துடைங்க. தூக்குறவங்க வழுக்கிடப் போறாங்க," என்றார் சித்தப்பா.

யாரோ துணி தேடி உள்ளே ஓடினார்கள். அவள் கையைத் தொட்டிக்குள் விட்டு, குழாயைப் புரட்டி மணலில் அழுத்தினாள். மீன் பாய்ந்து வந்து விரலைக் கடித்தது. பின்வாங்கியது. மறுபடி கடித்தது.

"வாடி, எடுக்கப் போறாங்க," என்றாள் அம்மா வாசலிலிருந்து.

குகை சரியாகத்தான் நின்றது. அவள் கையை எடுக்கவில்லை.