பூஸ்ட் மீட்டரிடம் பேசிய மாமியார்

என் மாமியார் கற்பகம் என்னோடு பேசமாட்டார். பேச வேண்டியது ஏதாவது இருந்தால் என் மனைவி பிரீத்தியிடம் சொல்வார், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும். “இன்னும் ரெண்டு இட்லி வேணுமான்னு கேளு” என்பார். பிரீத்தி என் பக்கம் திரும்பி, “வேணுமா?” என்பாள். “போதும்னு சொல்லு” என்பேன். எங்கள் வீட்டில் ஒரு இட்லி தட்டுக்கு வருவதற்குள் மூன்று பேர் பேசியாக வேண்டும்.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. வெம்பக்கோட்டைப் பக்கம் அவர்களுக்குக் காடு இருக்கிறது, மழை பெய்தால் பருத்தியும் சோளமும் போடுவார்கள். அந்தக் காட்டில் கூலிக்குக் களை வெட்டியவர் என் தாத்தா. என் அம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போய் என்னை டீசல் மெக்கானிக் படிக்க வைத்தார். நானும் பிரீத்தியும் ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. முதல் வருடம் மாமியார் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. பிறகு வந்தார், சாப்பிட்டார், தங்கினார், பேச்சு மட்டும் வரவில்லை. ஒரே ஒரு தடவை ‘மாப்ள’ என்று கூப்பிட்டுவிட மாட்டாரா என்று நான் ஏங்கினேன். வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன்.

திருத்தங்கலில் எனக்குச் சொந்தமாக ஒரு ஒர்க்‌ஷாப் உண்டு. என்னுடைய கார் பழைய டீசல் வண்டி. அதற்குப் பெரிய டர்போ மாட்டியிருக்கிறேன். இன்ஜின் விடும் புகை டர்போவைச் சுழற்றும், டர்போ வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் திணிக்கும். திணிக்கிற காற்றின் அழுத்தம்தான் பூஸ்ட். அளவு மீறினால் ஒரு சின்னக் கதவு திறந்து புகையை வேறு வழியில் விட்டுவிடும். அந்தக் கதவு எப்போது திறக்க வேண்டும் என்று சொல்வதற்கு ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு குமிழ் வைத்திருந்தேன். குமிழை ஏற்றினால் பூஸ்டும் ஏறும். எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க முன்கண்ணாடி ஓரத்தில் ஒரு மீட்டர். இன்ஜினிலிருந்து மெல்லிய டியூப் ஒன்று இடது பக்கச் சீட்டின் கால்மாட்டு வழியாக வந்து அந்த மீட்டரில் சேரும். என் கணக்கு இருபது பி.எஸ்.ஐ. அதற்கு மேல் போனால் இன்ஜின் தாங்காது.

மாமியாருக்கு முழங்கால் வலி. சனிக்கிழமைதோறும் விருதுநகரில் வைத்தியம். காலை நீட்ட வேண்டும் என்பதால் முன்சீட்டில் அவர், பின்னால் பிரீத்தி. முதல் சனிக்கிழமையே மீட்டர் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

“அதென்ன கடியாரம்னு கேளு.”

இன்ஜினுக்குப் போகிற காற்றின் அளவு, இருபது வைத்திருக்கிறேன் என்று பிரீத்தியிடம் சொன்னேன்.

“டயருக்கு எம்புட்டு வைப்பாகளாம்?”

“முப்பத்தஞ்சு.”

“நல்லாருக்கே நாயம்! ஒழைக்கிற மாட்டுக்கு வைக்கோலு, சும்மா சுத்துற மாட்டுக்குப் பருத்திக்கொட்டையா?”

பிரீத்தி விருதுநகர் வரைக்கும் சிரித்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. டயரும் இன்ஜினும் ஒன்றா என்று விளக்கலாம்தான், யார் வழியாக விளக்குவது?

இரண்டாவது சனிக்கிழமை முள் பதினெட்டைத் தாண்டவில்லை. “போன வாரம் இருபதுன்னாக, இந்த வாரம் வெல எறங்கிருச்சா?” என்று பின்சீட்டைப் பார்த்துக் கேட்டார். நான் குமிழை அரைச் சுற்று ஏற்றினேன். மூன்றாவது வாரம் பதினாறு. இன்னொரு அரைச் சுற்று. முள் குறைந்தால் முதலில் டியூப்பைப் பார் என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பாடம் நடத்துகிறவன் நான். ஊருக்குத்தான் உபதேசம்! என் வண்டியில் என் கையால் மாட்டிய டியூப் விட்டுப்போகும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

நான்காவது சனிக்கிழமை பிரீத்திக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலை. நானும் மாமியாரும் மட்டும் கிளம்பினோம். திருத்தங்கல் தாண்டியதும் அவர் கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

“பிரீத்தி, மெதுவாப் போகச் சொல்லு.”

அரை நிமிடத்தில் என் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். “ஏங்க, அம்மா மெதுவாப் போகச் சொல்றாங்க.”

“சரின்னு சொல்லு.”

போனை வைத்தாள். இப்போது மாமியார் போன் அடித்தது. “சரியாம்மா” என்றாள். அவர் தலையாட்டிக்கொண்டு போனைப் பைக்குள் வைத்தார். இப்படியே விருதுநகர் போய்ச் சேர்வதற்குள் பிரீத்தி ஏழு தடவை பேசிவிட்டாள்.

திரும்பும்போது அவள் பரீட்சை அறைக்குள் போய்விட்டாள், போன் அணைந்திருந்தது. மாமியார் இரண்டு தடவை அடித்துப் பார்த்தார். பிறகு மீட்டரைப் பார்த்தே பேச ஆரம்பித்தார்.

“ஏ முள்ளு, போன வாரம் பதினாறுல நின்ன. இன்னைக்குப் பதினஞ்சா? ஒன்னைய மேய்க்கிற ஆளு சரியில்லையோ?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குமிழை முழுதாக ஒரு சுற்று திருகினேன். முன்னால் பேப்பர் ரீல் ஏற்றிய லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. எதிரே ரோடு காலி. மூன்றாவது கியரில் போட்டு மிதித்தேன். டர்போ வீலென்று கத்தியது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. முள் மட்டும் பதினைந்தில் நின்றது. முதுகு சொல்வது பொய்யா, முள் சொல்வது பொய்யா என்று யோசிக்கிற அறிவு அந்த நேரத்தில் எனக்கு இல்லை. லாரியைத் தாண்டியும் காலை எடுக்கவில்லை.

“ஏ முள்ளு, இங்கன காத்துப் போகுது. கேக்குதா? காலுகிட்ட உஸ்ஸுனு போகுது.”

இன்னும் கேலி செய்கிறார் என்று நினைத்து மேலும் மிதித்தேன்.

“மாப்ள! நிறுத்துங்க மாப்ள!”

நிறுத்தினேன். கருவேல மரத்தடியில் வண்டி நின்றது. தாண்டி வந்த லாரி எங்களைத் தாண்டிப் போனது. காதில் விழுந்தது அந்த வார்த்தைதானா என்று கேட்கவும் பயமாக இருந்தது. அவர் குனிந்து தன் கால்மாட்டைக் காட்டினார்.

“வண்டி வேகமெடுத்தா இங்கன ஊதுது. மருந்தடிக்கிற டேங்குல டியூப்பு விட்டுப்போனா எம்புட்டு அடிச்சாலும் நுனிக்கு வராதுல்ல, அது கணக்கா.”

இறங்கிப் போய்ப் பார்த்தேன். மீட்டர் டியூப் இணைப்பில் பாதி கழன்று தொங்கியது. நீட்டிய கால் இடித்து இடித்துக் கழன்றிருக்கிறது. இன்ஜினுக்குள் போவது போய்க்கொண்டே இருக்க, மீட்டருக்கு மட்டும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. நான் வாரா வாரம் குமிழை ஏற்றியிருக்கிறேன். டியூப்பை அழுத்திச் செருகி பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கினேன். வண்டியை எடுத்து லேசாகத்தான் மிதித்தேன். முள் இருபதைத் தாண்டி, இருபத்தைந்தைத் தாண்டி, இருபத்தெட்டுக்குப் போனது. பதறிக் காலை எடுத்தேன்.

“இன்னுங் கொஞ்சம் போனா டயர எட்டிரும்போல” என்றார் மாமியார்.

ஓரமாக நிறுத்திக் குமிழை இரண்டு சுற்றும் திருப்பி இறக்கினேன். இன்னும் ஒரு நிமிடம் மிதித்திருந்தால் இன்ஜின் போயிருக்கும், எங்களையும் எங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்குமோ. பயம் போன வேகத்தில் கோபம் வந்தது. கோபத்தில் நேராகவே கேட்டுவிட்டேன்.

“எத்தன நாளா ஊதுது?”

“ரெண்டு வாரமா.”

“ரெண்டு வாரமா! பிரீத்திகிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்ல?”

“இத நானே சொல்லணும்னு இருந்தேன்.” அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே பேசினார். “பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு எம்புட்டு நாளைக்குத்தான் அவ வழியாவே பேச? சொல்லணும்னா மொதல்ல கூப்பிடணும்ல. போன சனிக்கெழமகூட தொண்ட வரைக்கும் வந்துச்சு.”

“வந்துச்சுன்னா கூப்பிட வேண்டியதுதான? நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்?”

அவர் முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தார். இரண்டு வருடத்தில் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“நான் கூப்பிடலதான். நீங்க ஒருநா என்னையக் கூப்பிட்டீகளா?”

யோசித்துப் பார்த்தால், இல்லை. ‘உங்கம்மா’, ‘உங்கம்மாகிட்டச் சொல்லு’, இவ்வளவுதான். அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர என் வாயைத் திறக்கவில்லை. அவரும் காத்திருப்பார் என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றியதில்லை. மிகவும் வெட்கமாக இருந்தது.

வண்டியைக் கிளப்பினேன்.

“பெல்ட்டப் போட்டுக்கோங்க அத்தை” என்றேன்.

“என்ன சொன்னீக? காதுல விழல” என்றார்.

அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். இன்னொரு தடவை சொன்னேன்.