மேலே பார்ப்பவன்

உயரமான கட்டடங்களின் கண்ணாடியை வெளியிலிருந்து துடைப்பது ஒட்டடையின் பிழைப்பு. ஆள் ஒட்டடைக் குச்சி மாதிரி ஒல்லி, நெட்டை, எந்த மூலைக்கும் கை எட்டும். அதனால் கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் அது. அவனோடு ஒரே தொட்டிலில் நிற்பவன் அவன் தங்கையின் புருஷன். தொட்டில் என்றால், இரு முனையிலும் மோட்டார் இழுக்கும் இரும்பு வடத்தில் தொங்கும் நீளமான கூண்டு. வடத்தை மட்டும் நம்பி யாரும் இறங்குவதில்லை. மொட்டைமாடியிலிருந்து ஆளுக்கொரு தனிக்கயிறு வரும். இடுப்பு வாரை அதில் மாட்டிக்கொள்ள வேண்டும். தொட்டில் போனாலும் ஆள் நிற்பான்.

மாப்பிள்ளைக்குக் கீழே பார்த்தால் ஒன்றும் ஆகாது. மேலே பார்த்தால்தான் தலை சுற்றும். கை கால் விறைத்து, கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிலையாகிவிடுவான். வேலைக்கு வந்த புதிதில் ஒருமுறை அப்படி ஒட்டிக்கொண்டவனைப் பிரித்தெடுப்பதற்குள் எல்லோருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. அதன்பிறகு இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். கயிறு கட்டுவதும் மேலே பார்ப்பதும் ஒட்டடை. வாளியும் சோப்பும் கீழே பார்ப்பதும் மாப்பிள்ளை. அவன் "மேல?" என்று கேட்பான். இவன் பார்த்துவிட்டு "சரி" என்பான். இந்த வேலையே வேண்டாம் என்று தங்கை மல்லுக்கு நின்றபோது, இந்த ஏற்பாட்டைச் சொல்லித்தான் ஒட்டடை அவள் வாயை அடைத்தான்.

அன்று இரண்டு மாடிதான் இறங்கியிருப்பார்கள். மாப்பிள்ளை பக்கத்து மோட்டார் வடத்தை நழுவவிட்டது. அந்த முனை சரேலென்று தாழ்ந்து, எதையோ கடித்துக்கொண்டு நின்றது. வாளிகள் பறந்தன. மாப்பிள்ளை சறுக்கிப் போய்த் தாழ்ந்த முனையின் கம்பியில் மோதி, கயிற்றில் ஒரு குலுங்கு குலுங்கி நின்றான்.

ஒட்டடை மேலே பார்த்தான். சுவரின் விளிம்பு கயிற்றை அறுத்துவிடாமல் இருக்க, அடியில் ரப்பர் துண்டு வைப்பது வழக்கம். அவன் கயிற்றுக்கு அடியில் ரப்பர் இருந்தது. மாப்பிள்ளை கயிற்றுக்கு அடியில் வெறும் சிமெண்ட். முறுக்கிய மூன்று புரிகளில் ஒன்று அறுந்து பஞ்சாக விரிந்திருந்தது. காலையில் ஒரு துண்டை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கப் போகையில் சூப்பர்வைசர் கூப்பிட்டார். திரும்பி வந்தவன், இரண்டும் வைத்தாயிற்று என்ற நினைப்பிலேயே இறங்கிவிட்டான்.

"மச்சான், மேல?"

அறுந்திருக்கிறது என்றால் கம்பியைக் கட்டிக்கொள்வான். தொட்டில் இன்னொரு முறை நழுவினால் ஆளோடு போகும். சரி என்றால் நம்பி முழுப் பாரத்தையும் கயிற்றில் போடுவான். ஒரு பொய் போதாது என்று ஒட்டடைக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது.

"சரி. ஆனா கயித்துல தொங்காத. மேல ஆளு முடிச்ச மாத்திக் கட்டுறான். கம்பியப் பிடிச்சே ஏறி வா."

மேலே ஈ காக்கை இல்லை.

"யாரு கட்டுறா?"

"மொட்டைமாடியில வேலை பாக்கற வெல்டரு."

"அவனா? அவன் செருப்பு வாரே ஒழுங்கா நிக்காதே மச்சான்."

"பேசாம வா."

ஒட்டடையின் முனைக்கு நேரே ஜன்னல் திறந்தது. உள்ளே வேலை பார்க்கும் ஒரு பெண் கையை நீட்டியபடி எட்டிப் பார்த்தாள். அவள் பார்வை கயிற்றோடு மேலே போனது, முகம் வெளுத்தது. சொல்லாதே என்பதுபோல் ஒட்டடை தலையை மட்டும் அசைத்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை சரிந்த தளத்தில் முழங்காலை ஊன்றி ஊன்றி ஏறினான். பாதி வழியில் கொட்டிய சோப்பில் கால் வழுக்கி, கை தன்னால் கயிற்றைப் பிடித்தது. மேலே டப்பென்று ஒரு சத்தம்.

"கயித்த விடு."

"என்ன சத்தம் அது?"

"தொட்டில் சத்தம். வா."

கைக்கு எட்டியதும் ஒட்டடை தன் வாரிலிருந்த இரண்டாவது கொக்கியை அவன் இடுப்பில் மாட்டி, அவனுடைய கயிற்றைக் கழற்றிவிட்டான். மாப்பிள்ளை கொக்கியைப் பார்த்தான், பிறகு மச்சான் முகத்தைப் பார்த்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் ஒட்டடை அவனை ஜன்னல் வழியே உள்ளே தள்ளிவிட்டுத் தானும் நுழைந்தான்.

அந்தப் பெண் கொடுத்த தண்ணீரை மாப்பிள்ளை குடிக்கவில்லை. ஜன்னல் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தான். வெல்டர் இல்லை. ஒரே ஒரு புரியில் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. தலையை இழுத்துக்கொண்டவன் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தான்.

"சொல்லியிருந்தா நீ அங்கயே ஒட்டிட்டு நின்னிருப்ப" என்றான் ஒட்டடை.

"நின்னிருப்பேன். இல்லங்கல." மாப்பிள்ளை மூச்சு வாங்கினான். "இனிமே நீ சரிங்கறப்போ நான் எதை நெனைச்சுக்கட்டும்? அதச் சொல்லு."

அதற்குள் சூப்பர்வைசர் இரைக்க இரைக்க வந்து, கயிறு எப்படி அறுந்தது, ரப்பர் வைத்தீர்களா என்று கேட்டார். முந்திக்கொண்டவன் மாப்பிள்ளை. ரப்பர் இருந்ததாகவும், தானே கண்ணால் பார்த்ததாகவும், குலுங்கியதில் தெறித்துப் போயிருக்கும் என்றும் கண்ணிமைக்காமல் சொன்னான். அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு தொட்டிலில் நின்று ஒருநாளும் மேலே பார்க்காதவன். ஒட்டடைக்குப் புரிந்தது. பொய்க்குப் பொய் கைமாறு செய்கிறான், தங்கைக்காகச் செய்கிறான்.

சூப்பர்வைசருக்கு உயிர் வந்தது. மோட்டார்க்காரனை ஒரு பிடி பிடிப்பதாகச் சொல்லிவிட்டு, கட்டடத்தின் மறுபக்கத் தொட்டில் வேலையை நிறுத்த வேண்டாம் என்று போனை எடுத்தார்.

மறுபக்கத்துக் கயிறுகளையும் காலையில் கட்டியவன் ஒட்டடைதான். ரப்பர் வைத்தோமா? நினைத்து நினைத்துப் பார்த்தான். வைத்த மாதிரியும் இருந்தது, வைக்காத மாதிரியும் இருந்தது.

"தெறிக்கல சார்" என்றான். "நான்தான் வைக்கல. அந்தப் பக்கமும் எனக்கு நிச்சயமில்ல. அவங்கள மேல ஏறச் சொல்லுங்க."

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டான்.

மறுபக்கத்து ஆட்கள் பத்திரமாக ஏறினார்கள். அங்கே ரப்பர்கள் இரண்டும் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன. அதைச் சொன்ன கையோடு, இனி கயிற்றுப் பக்கமே வராதே என்றும் சூப்பர்வைசர் ஒட்டடையிடம் சொல்லிவிட்டார்.

இருவரும் படியில் இறங்கினார்கள். மாப்பிள்ளை கடைசிப் படியில் நின்று, போனை எடுத்து வீட்டுக்கு அடித்து, ஒட்டடை கையில் திணித்தான்.

"நீயே பேசு. நான் கேக்கறேன்."

தங்கை எடுத்தாள். அண்ணன் குரலைக் கேட்டதும் அவருக்கு என்ன ஆச்சு என்றாள்.

"நல்லா இருக்காரு. பக்கத்துல நிக்கறாரு" என்றான் ஒட்டடை. "ஆனா கயிறு அறுந்துச்சு. நான் ரப்பர் வைக்க மறந்துட்டேன். அறுந்தது தெரிஞ்சே அவர்கிட்ட சரின்னும் சொன்னேன்."

மாப்பிள்ளை எதிரில் நின்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.