இடது கையில் ஒரு கோப்பை

டாக்டர் சுஹைபின் வலது கையை உடைத்தவன் ஓடி ஒளியவில்லை. அவசரப் பிரிவு வாசலிலேயே நின்று சிகரெட் பற்றவைத்தான். அந்த அரபு ஊரின் வழக்கம் தெரிந்தவன். டாக்டரை அடித்தால் என்ன ஆகிவிடும்? தன் வம்சத்துப் பெரியவர்கள் அவர் வீட்டுக்குப் போவார்கள், ஒரு கோப்பை காப்பி குடிப்பார்கள், கதை முடிந்தது.

அவன் தாய்க்கு அன்று கடுமையான மூச்சிரைப்பு. சுஹைப் ஆக்ஸிஜன் வைத்து, ஊசி போட்டு அவளை நிதானத்துக்குக் கொண்டுவந்திருந்தான். அதற்குள் விபத்தில் சிக்கிய குழந்தை ஒன்றைத் தூக்கி வந்தார்கள். அந்தப் பக்கம் ஓடினான். "எங்கம்மாவ போட்டுட்டு எங்கடா போற?" என்று மகன்காரன் இரும்புக் கதவை அறைந்து சாத்தினான். நடுவில் சுஹைபின் கை இருந்தது.

குழந்தை பிழைத்தது. தாயும் பிழைத்தாள். "எனக்கு மூச்சு கொடுத்த புள்ளைக்கு அல்லாஹ் கைய திருப்பிக் கொடுக்கட்டும்" என்று வார்டிலிருந்து நர்ஸ் மூலம் சொல்லி அனுப்பினாள். அதைக் கேட்டு சுஹைப் அழுதுவிட்டான். இந்த வேலையில் கிடைக்கிற கூலி அதுதான், அதற்காகத்தான் இதில் கிடந்து சாகிறோம் என்று அன்றைக்கும் நினைத்தான்.

எக்ஸ்ரேயைப் பார்த்தவர் பிரிவுத் தலைவர் டாக்டர் ஃபவ்வாஸ். "ரெண்டு விரல் இனிமே சரியா மடங்காது தம்பி. ஆபரேஷன் பண்ற ஆசைய விட்டுடு" என்றார். சுஹைபுக்கு அறுவை சிகிச்சைப் படிப்பில் இடம் கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவரே கட்டுப் போட்டார். போட்டுக்கொண்டே சொன்னார். "போலீஸ்ல கொடுத்த கேஸ மட்டும் வாபஸ் வாங்கிடாத. நீ வாங்கினா நாளைக்கு நம்ம எல்லாரையும் அடிப்பானுங்க. கதவ அவன் சாத்தினத நான் கண்ணால பார்த்தேன். கோர்ட்டுல வந்து நானே சொல்றேன்."

வீட்டில் வாப்பாவும் வாக்குக் கொடுத்தார். "நீ சரின்னு சொல்லாம என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது." விரல்கள் போனது போனதுதான். அந்த வழக்கு ஒன்றாவது மிஞ்சியதே என்று சுஹைப் அதைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஜாஹா வந்தது. சமாதானம் கேட்க வரும் பெரியவர்கள் கூட்டம். மேலங்கிகளோடு வரிசையாக நுழைந்தார்கள். எல்லோருக்கும் முன்னால், பழுப்பு மேலங்கியில், டாக்டர் ஃபவ்வாஸ்.

வெள்ளைக் கோட்டிலேயே பார்த்துப் பழகிய மனிதர். ஒரு கணம் சுஹைபுக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை.

சித்தப்பா மகன் ஏலக்காய்க் காப்பியை ஊற்றி நீட்டினான். ஃபவ்வாஸ் வாங்கி, குடிக்காமல் முன்னால் வைத்தார். கேட்டது கிடைக்கும்வரை கூட்டத்தில் ஒருவரும் உதடு நனைக்க மாட்டார்கள். கிடைக்காமல் எழுந்து போனால் வீட்டுக்காரருக்கு அதைவிடத் தலைகுனிவு கிடையாது.

"எங்க பையன் புத்தி கெட்டுப்போய் செஞ்சுட்டான். உங்க வாசலுக்கு வந்துட்டோம். கேஸ எங்களுக்காக விட்டுக்கொடுங்க" என்றார் ஃபவ்வாஸ்.

"டாக்டர், நீங்கதானே எனக்குச் சாட்சி?" என்றான் சுஹைப்.

"அது ஆஸ்பத்திரியில தம்பி. இங்க நான் அவன் வம்சத்து ஆளு." அவர் குரலில் கூச்சம்கூட இல்லை.

எல்லோரும் வாப்பாவைப் பார்த்தார்கள். சுஹைபும் பார்த்தான். வாப்பா அவனைப் பார்க்கவில்லை. கம்பளத்தைப் பார்த்தார், ஆறிக்கொண்டிருந்த காப்பியைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"காப்பிய குடிங்க. கேட்டத கொடுத்தாச்சு."

அறை முழுக்க வாழ்த்து எழுந்தது. பக்கத்தில் இருந்தவர் சுஹைபின் தோளைத் தட்டினார். கதவு கையை நசுக்கியபோதுகூட அவன் இப்படி நொறுங்கவில்லை. கதவைச் சாத்தியவன் யாரோ ஒரு அந்நியன். இவர்கள் இருவரும் அப்படியா?

"ஆறிப்போச்சே, பெரியவருக்குச் சூடா கொடுப்பா" என்றார் வாப்பா, சித்தப்பா மகனிடம்.

"நான் கொடுக்கறேன்" என்று சுஹைப் எழுந்தான். புதிதாக ஊற்றிய கோப்பையை எடுத்துப்போய் ஃபவ்வாஸ் முன்னால் நீட்டினான், இடது கையால்.

இடது கையால் நாய்க்குக்கூடச் சோறு வைக்காத வீடு அது.

"டேய், என்ன பழக்கம் இது? வலது கையால கொடு" என்று வாப்பா பல்லைக் கடித்தார்.

சுஹைப் திரும்பி அவரைப் பார்த்தான். "அதத்தானே வாப்பா இப்ப இவங்களுக்குக் கொடுத்தீங்க?"

சுஹைப் நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை. கோப்பையைத் தொடாமல் எழுந்தால் சமாதானம் முறிந்து கேஸ் தொடர்ந்து நடக்கும் என்பது ஃபவ்வாஸுக்குத் தெரியும். அவர் வாங்கிக் குடித்தார்.