மாம்புரியில் கொதித்த கார்

“ஓடாம நின்டா, பின்னுக்கு ஈக்கிறதுக்குக் காத்து எப்பிடி வாப்பா வரும்?”

கனமூலையில் ஒரு பின்னேரம் சிறுமி றுஷ்னா கேட்ட கேள்வி இது. அவளுடைய வாப்பா ஜெமீல் அப்போது தன் காரின் முன்பக்க பம்பரைக் கழற்றி வைத்துவிட்டு, ரேடியேட்டருக்கு நேர் முன்னால் ஒரு பெரிய இன்டர்கூலரைப் பூட்டிக்கொண்டிருந்தான். காற்றை அழுத்தும் டேர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிரவைத்து எஞ்சினுக்குள் அனுப்புவது அதன் வேலை. காற்று குளிரக் குளிர எஞ்சினுக்குப் பலம் கூடும். ஆனால் ரேடியேட்டருக்கு வர வேண்டிய காற்றை அது முந்திக்கொண்டு எடுத்துவிடும். மிச்சமாக வருவது வெந்த காற்றுதான். எஞ்சினுக்கு மேலே வைத்து பொனட்டில் காற்றுக்கு வாய் வெட்டுவோம் என்று கராஜ்கார ஹில்மி சொல்லிப் பார்த்தான். ஜெமீல் கேட்கவில்லை. பம்பருக்குள்ளே அது பளபளப்பதை ஊர் பார்க்க வேண்டும். இடம் போதாததால் கார் நிற்கும்போதும் ரேடியேட்டருக்குக் காற்று ஊதும் முன் விசிறியையும் கழற்றிவிட்டான்.

“ஓடுற காருக்குக் காத்து தானா வரும் மகள். இது நிக்கிறதுக்குச் செஞ்ச கார் இல்ல” என்று சிரித்தான்.

ஆவணி பிறக்குமுன் ஒரு காலையில் எத்தாளையிலிருந்து தொலைபேசி வந்தது. ஜெமீலின் மனைவி ஆசியாவின் சாச்சி மவுத்தாகிவிட்டார். உம்மா இல்லாத ஆசியாவை மடியில் போட்டு வளர்த்த சின்னம்மா அவர். சாச்சியின் மகன் உசனார்தான் பேசினான்; அக்கா முறையான ஆசியாவை அவன் தாத்தா என்பான்.

“பகல் லுஹர் தொழுதிட்டு எடுக்கிறம் தாத்தா. கெதியா வாங்க.”

அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. வீட்டில் வைத்து முகம் பார்த்தால்தான் உண்டு. உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கிவிட்டால் அவ்வளவுதான். றுஷ்னாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஆசியா காரில் ஏறினாள்.

“முகத்தக் காட்டித் தாங்க. வேற ஒண்டும் வாணாம்.”

“இந்தக் கார் எதுக்கு ஈக்கி?” என்றான் ஜெமீல். அந்தத் துக்கத்திலும் அவனுக்குள் சிறு பெருமை இருந்தது. அல்லாஹ் அதை மன்னிப்பானாக.

பாலாவியில் திரும்பியபின் கார் பறந்தது. நுரைச்சோலை தாண்டியதும் நின்றது. போகிற வழியில் கத்தோலிக்கரின் தலவில அன்னம்மா கோயில் திருவிழா. அது அவன் நினைவிலேயே இல்லை. பஸ்ஸும் லொறியும் நடந்து போகிறவர்களுமாக வீதி நிரம்பி வழிந்தது. மோட்டார் சைக்கிள்களில்கூடக் குடும்பம் குடும்பமாக ஆட்கள். ஓர் அடி நகர்வதும் நிற்பதுமாகக் கார் ஊர்ந்தது. வெப்பமுள் மேலே ஏறத் தொடங்கியது.

எஞ்சின் சூட்டைக் கொஞ்சமாவது வெளியே இழுக்க, அந்த வெயிலிலும் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டான். அனல் ஆசியாவின் முகத்தில் அடித்தது. வியர்வையில் அவளுடைய முக்காடு நனைந்து ஒட்டியது. அவள் அல்லாஹ்வின் பெயரை நினைந்து திக்ர் ஓதிக்கொண்டிருந்தாள். மாம்புரியில் பொனட்டின் இடுக்கால் ஆவி சீறியது. காரை ஓரத்துத் தென்னந்தோட்டத்துக்குள் விட்டு நிறுத்தினான்.

அங்கே ஒரு லொறியின் பக்கத்தில் நிழலுக்குப் படங்குத் துணி கட்டி ஒரு குடும்பம் தங்கியிருந்தது. சிலாபத்திலிருந்து திருவிழாவுக்கு வந்த மனுவேலும் அவர் மனைவி யூஜினியும்.

“என்ன தம்பி, உள்ளுக்குச் சோறு வேகுதோ?” என்று மனுவேல் சிரித்தபடி வந்தார். ஆசியாவின் முகத்தைக் கண்டதும் சிரிப்பை விழுங்கினார். “என்ன விசயம்?”

ஜெமீல் சொன்னான். சொல்லிக்கொண்டே ரேடியேட்டர் மூடியில் துணியைப் போட்டான். மனுவேல் அவன் கையைப் பிடித்தார். “இப்ப திறந்தா முகம் வெந்துபோகும். ஆறட்டும்.”

ஆறும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. எவ்வளவு பலம் ஏற்றிய எஞ்சினும் ஆறுகிற நேரத்தில்தான் ஆறியது. தூரத்துப் பள்ளிவாசலில் லுஹருக்கு பாங்கு சொன்னார்கள். ஆசியா கண்ணை மூடிக்கொண்டாள்.

யூஜினி இரண்டு கேன் தண்ணீரைத் தூக்கி வந்து வைத்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த தண்ணீர். அவளுடைய கைப்பிள்ளைக்கு வேறு தண்ணீர் ஒத்துக்கொள்ளாதாம்.

“குடிக்கிற தண்ணி அக்கா. வாணாம்.”

“கார் குடிச்சாலும் குடிதானே. பிடியும் தம்பி, கதைக்கிற நேரமில்ல.”

கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். இரண்டு கேனும் காலியாகிவிட்டன. மனுவேல் வீதியில் இறங்கி, கையை விரித்து ஒரு பஸ்ஸை மறித்து அவர்களுக்கு வழி எடுத்துக் கொடுத்தார். “மரித்த வீட்டுக்குப் போற ஆக்கள், விடுங்கோ!” என்று அவர் கத்தியது வெகுதூரம் கேட்டது.

எத்தாளைக்குள் திரும்பும்போது எதிரே சந்தூக் வந்துகொண்டிருந்தது.

ஜெமீல் காரை நிறுத்தினான். ஆசியா இறங்கி வேலியோடு ஒதுங்கி நின்றாள். பச்சைப் போர்வை போர்த்திய சந்தூக் அவளைக் கடந்து போனது. முன்னால் சுமந்துவந்த உசனாரின் கால் அவளைக் கண்டு ஒரு கணம் தடுமாறியது. அவனாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஜெமீல் ஓடினான். உசனார் தன் தோளை விலக்கி அவனுக்கு இடம் கொடுத்தான்.

மையவாடியிலிருந்து ஜெமீல் திரும்பி வந்தபோது ஆசியா சாச்சியின் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

“நீங்க என்ன செய்வீங்க, றுஷ்னாட வாப்பா. அல்லாஹ்ட நாட்டம்” என்றாள்.

அவள் ஏசியிருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

வேலியோரத்தில் பம்பரைக் கழற்றினான். இன்டர்கூலரை எடுத்து டிக்கிக்குள் கிடத்தினான். அதன் இரண்டு குழாய்களையும் ஒரு ரப்பர் குழாயால் நேரே இணைத்துக் கட்டினான். ஆக்சிலேட்டரை மிதிக்காமல் மெதுவாக ஓட்டினால் போதும். பிறகு சாச்சியின் கிணற்றில் நீர் இறைத்து, அந்த வீட்டுக் கேன்கள் இரண்டை நிரப்பினான். உப்புத் தொட்டிராத தண்ணீர் அது. தாகம் என்று வாசலுக்கு வந்தவர் எவரையும் சாச்சி வெறும் வாயோடு அனுப்பியதில்லை.

“காரப் பாத்திட்டு வாறன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் புறப்பட்டான்.

வீதி ஓய்ந்திருந்தது, சனமெல்லாம் கோயிலில். மெதுவாகப் போயும் முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. மாம்புரித் தோட்டத்தில் லொறி நின்றது. படங்கின் கீழ் ஒருவரும் இல்லை. யூஜினியின் இரண்டு கேன்களும் மணலில் கவிழ்ந்து கிடந்தன.

அவற்றை நிமிர்த்தி, மணலைத் துடைத்து, கொண்டுவந்த நீரால் கழுத்துவரை நிரப்பினான். மூடிகளை இறுக்கி, ஒவ்வொன்றையும் சாய்த்துப் பார்த்தான். ஒழுகவில்லை. வெயில் படாத பக்கமாகப் பார்த்து லொறிச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுக் காருக்கு நடந்தான்.